முக அனுமதி

மூன்று வருடம் கழித்து வீட்டுக்கு வந்த ஜெனிட்டா, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அவருடைய போட்டோக்களை ஆல்பம் மென்பொருளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு முன்னால் அவர் நெஞ்சின்மேல் வைக்க ஒரு பக்கமாவது அச்சடித்துத் தரச் சொல்லியிருந்தாள் அம்மா.

முதன்முதலாய் நற்கருணை வாங்கிய நாளின் புதுநன்மை கவுன், பள்ளிச் சீருடை, பட்டமளிப்பு அங்கி. எல்லாப் படத்திலும் அப்பாவை ஒட்டி நின்றவளுக்கு முகம் இருந்த இடத்தில் வெள்ளை வட்டம். காதல் கல்யாணத்துக்கு அவர் ஒத்துக்கொள்ளாத கோபத்தில், "இனி என் மூஞ்சியே உங்களுக்குக் கிடையாது" என்று, அவருடைய படங்களில் தன் முகம் தெரிவதற்கான முக அனுமதியை ரத்து செய்தவள் அவள்தான்.

"நான் திருப்பிக் குடுத்துட்டேம்மா. ஆனா மூஞ்சி திரும்பத் தெரியணும்னா, படத்துல இருக்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல கேமராவப் பாத்துக் கண்ணச் சிமிட்டணுமாம்."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்ட்டி. தெனமும் எந்திரிச்சதும் அதத்தான செஞ்சாரு. இன்னைக்காவது எம்மவ மனசு மாறிரும்னு சொல்லிச் சொல்லிச் சிமிட்டுவாரு. நேத்து காலையிலகூடச் சிமிட்டுனாரு."