மாவு விலைப் பலகை
1990 ஓகஸ்ட், இலங்கை மலையகத்துப் பலாபத்வல. கடை வாசல் பலகையில் மாவு விலை குறைத்து எழுதியிருக்கிறது. கல்லாவில் பழைய விலையையே வாங்கியிருக்கிறார்கள். மாவுப் பைகளோடு திரும்பி வந்த தோட்டத்துப் பெண்கள் கல்லாவைச் சூழ்ந்து நிற்கிறார்கள். “எழுதுனது நீங்கதானே மொதலாளி? மிச்சத்தக் குடுங்க, புள்ளைக்குப் பால்மா வாங்கணும்” என்கிறாள் புஷ்பவதி. அவள் இடுப்பிலிருக்கும் குழந்தை பையில் ஒட்டிய மாவை நக்குகிறது. முதலாளி எழுந்துபோய் ஈரத்துணியால் பலகையைத் துடைக்கிறார். வெள்ளைத் தண்ணீர் வழிகிறது. “தொடச்சிட்டா எங்க கண்ணு அவிஞ்சிருமா?” என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். “பொலிசுல போய்ச் சொல்லுங்க. அடையாள அட்டை கேப்பாங்க, இருக்கா?” என்கிறார் முதலாளி. எதிரே காவலரணில் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்கும் பொலிஸ்காரன் நிமிர்ந்து பார்க்கிறான். அட்டையில்லாத தமிழரைப் பிடித்துச் செல்லும் நாட்கள்; இந்தப் பெண்களில் பலரிடம் அட்டை இல்லை. சிரிப்பு நின்றுவிடுகிறது. பைகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு ஏறுகின்றன. புஷ்பவதி பால்மா இல்லாமல் தோட்டத்துக்குத் திரும்புகிறாள்.