ஒட்டுக்கேட்ட கண்கள்

காங்கேயம் போகும் ஓட்டுநரில்லாப் பேருந்தில் வேதவல்லியும் அவள் கணவர் தாமோதரனும் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. முப்பது வருடங்களாக இப்படிக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, கைகளாலேயே ஒருவரையொருவர் கிழிகிழியென்று கிழிப்பார்கள். பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு எழவும் விளங்காது. அவர்களுக்கு இருந்த ஒரே சௌகரியம் அது.

“சர்க்கரையை வச்சுக்கிட்டுக் கல்யாண வீட்டுல எத்தனை ஜாங்கிரி சாப்பிட்டீங்க?” என்று வேதவல்லியின் விரல்கள் கேட்டன.

“ஒண்ணுதான். அதுவும் பாதி” என்றன தாமோதரனின் கைகள்.

முன்சீட்டில் அம்மாவின் தோள்மேல் சாய்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள் ஒரு நாலு வயதுச் சிறுமி. அங்கன்வாடியில் எழுத்துக்கு முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் கைமொழி சொல்லிக்கொடுக்கிற காலத்தில் பிறந்தவள். அவள் தன் குட்டிக் கைகளை நீட்டினாள்.

“தாத்தா பொய் சொல்றாரு. நாலு சாப்பிட்டாரு. பந்தியில நான் எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தேன்.”

தாமோதரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேதவல்லிக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. காது கேட்கிற ஒரு ஜீவன் தன் பேச்சை ஒட்டுக்கேட்டதை அவள் ஆயுசில் கண்டதில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இனித்தது.

கணவரின் தோளைத் தட்டித் திருப்பி, முந்தானையை மடியில் விரித்து, அதன் மறைவில் விரல்களை மெல்ல அசைத்து, “வீட்டுக்கு வாங்க, வச்சுக்கறேன்” என்றாள்.

சிறுமி எக்கிப் பார்த்தாள்.

ஊருக்குப் பயந்து வேதவல்லி குரலைத் தாழ்த்தியது, ஐம்பத்திரண்டு வயதில் அன்றுதான்.