சிவப்புக் கல் நெக்லஸ்

சாயங்கால வெயில் உப்புப் பாத்திகளில் செம்பு நிறமாகத் தேங்கி நிற்கிறது. வேலையாட்கள் எல்லாம் மரக்காணம் பக்கம் போய்விட்டார்கள். மோட்டார் கொட்டகை வாசலில் தமிழ்நிலாவும் அவள் அண்ணி வைஜெயந்தியும் ஒரே போனைக் குனிந்து பார்க்கிறார்கள். தமிழ்நிலா ஆன்லைனில் கவரிங் நகை விற்கிறாள். வாங்குகிறவர்கள் தங்கள் போட்டோவை ஏற்றினால், நகை அவர்கள் மேலேயே ஏறிக் காட்டும்; அந்தப் படம் அவளுக்கும் வந்துவிடும். அந்த வசதியை இனி எந்தெந்த நகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் பொறுக்குகிறார்கள். “மோதிரம் வேணாம், விரல்ல ஒட்டவே மாட்டேங்குது. ஜிமிக்கி இருக்கட்டும்,” என்கிறாள் அண்ணி. “இந்த செவப்புக்கல் நெக்லஸத்தான் நெறய தடவ போட்டுப் பாத்திருக்காங்க அண்ணி,” என்றபடி தமிழ்நிலா அந்தப் படங்களைத் திறக்கிறாள். முதல் படத்தில் நெக்லஸ் தமிழ்நிலாவின் கழுத்திலேயே கிடக்கிறது. “நீயே போட்டுப் பாத்தியா?” “இல்லியே.” அடுத்ததில் அவள் பஸ்ஸுக்கு நிற்கிறாள். அதற்கடுத்ததில் கிணற்றடியில் தலை துவட்டுகிறாள். எதிலும் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. காற்று நின்றுவிட்டது. பாத்தித் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. “ஒங்கண்ணனுக்குப் போன் போடு,” என்கிறாள் அண்ணி. அதற்குள் போன் அதிர்ந்து, புதுப் படம் ஒன்று வருகிறது. அதில் கொட்டகை வாசலில் இரண்டு பெண்கள் ஒரு போனைக் குனிந்து பார்க்கிறார்கள். ஒருத்தி கழுத்தில் மட்டும் சிவப்புக் கற்கள். அண்ணியின் கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறது. “நிமிந்து பாக்காத,” என்கிறாள் மெதுவாக. எதிரே உப்புக் குவியல்கள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நிற்கின்றன.