மேஸ்திரி எழுதினால் எழுதினதுதான்

“ஆஸ்பெஸ்டாஸ் சீட்டா? யாருக்கும்மா ரூம் கட்டப் போற? அப்பாவுக்கா, மாட்டுக்கா?”

அப்துல் ரஹ்மான் மேஸ்திரி கேட்ட கேள்வியில், ஸ்ரீவல்லி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

“செலவு குறையுமேன்னு பார்த்தேன், பாய்.”

“குறையும்மா. சித்திரை வெயில்ல வாத்தியாரும் வெந்து பாதியாக் குறைஞ்சிடுவாரு. பரவாயில்லியா?”

சக்ரவர்த்தி வாத்தியார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வீட்டுக் கொல்லை அது. அப்பாவுக்கு முட்டி வலி, மழையில் கொல்லைக் கோடிக் கக்கூசுக்கு நடக்க முடியவில்லை, ஐப்பசிக்குள் ஒரு ரூமும் அதோடு ஒட்டி ஒரு பாத்ரூமும் வேண்டும் என்று சொல்லித்தான் ஸ்ரீவல்லி மேஸ்திரியை வரவழைத்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் அவளுக்கு வேலை.

“எங்க நஸ்னீனும் நீயும் ஒரே கம்பெனி, ஒரே பஸ்ஸு. அதனாலதான் கையில இருந்த வேலைய போட்டுட்டு ஓடி வந்திருக்கேன்” என்றபடி மேஸ்திரி டேப்பை இழுத்தார். ரூம் வரவேண்டிய இடத்தைச் சுற்றி ஸ்ரீவல்லி கோலமாவால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

“பத்துக்குப் பதினாலு. ஏம்மா, இம்மா எடம் கெடக்குதே, இன்னும் ரெண்டடி தள்ளிக்கலாமே?”

“வேண்டாம் பாய். பத்துக்குப் பதினாலுதான். ஒரு அங்குலம் கூட வேண்டாம்.”

“சரி, உன் இஷ்டம்.”

மேஸ்திரி சுவரோரம் உட்கார்ந்தார். பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிற கட்டம் போட்ட தாளில்தான் அவர் எப்போதும் பிளான் போடுவார். செங்கல், சிமெண்ட், மணல், கம்பி, ஆள் கூலி என்று பென்சில் ஓடியது. கடைசியில் கீழே கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் போச்சு, ஒரு ஐட்டத்தையும் அடிக்க விடமாட்டார். பிள்ளையார்பாளையத்தில் ஒருவர், கையெழுத்தான பிறகு, “ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாமே” என்றாராம். மேஸ்திரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு போயே போய்விட்டார். அப்படி ஒரு பிடிவாதம்!

“பாத்ரூமுக்கு இண்டியன் டைப்பே போதாதா பாய்? சல்லிசா முடிஞ்சிடுமே” என்றாள் ஸ்ரீவல்லி.

“முட்டி வலிக்காரரைக் குந்தச் சொல்றியா? எழுந்திருக்கறதுக்குள்ள உயிர் போயி உயிர் வரும். எனக்குத் தெரியாதா? வெஸ்டர்ன்தான். பக்கத்துச் செவுத்துல ஒரு கைப்பிடி. வாசப்படி உயரம் கூடாது, தடுக்கிடும். கிழக்கால ஒரு ஜன்னல். மேல கான்கிரீட்டு. எழுதிட்டேன்.”

வாத்தியார் பேப்பரைத் தாழ்த்தினார். “எனக்கு எதுக்கு பாய் இந்த ஆடம்பரமெல்லாம்? இத்தனை வருஷம் ஓட்டினது இனிமேயும் ஓடிடாதோ?”

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க சும்மா இருங்க வாத்தியாரே. பொண்ணு சம்பாதிச்சு ஆசையா செய்யுது. வாயை மூடிக்கினு வாங்கிக்குவீங்களா, எதுக்கு எதுக்குன்னு!”

“அதுவும் சரிதான்” என்று வாத்தியார் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

கூட்டிப் பார்த்ததில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் வந்தது. ஸ்ரீவல்லி கொஞ்சம் இழுத்தாள்.

“ஏதாவது குறைச்சுக்க முடியுமா?”

“ஒரு ரூபா குறையாது. ஒரு ஐட்டம் குறையாது. பெத்தவங்களுக்குக் கட்டறதுல கஞ்சத்தனம் கூடாதும்மா.”

“அப்போ கையெழுத்துப் போட்டுடுங்கோ.”

போட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு, “யா அல்லா” என்று மெல்ல எழுந்தார். வாத்தியாரோ கல்லிலிருந்து விருட்டென்று எழுந்து, நாலே எட்டில் வந்து, அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

“நஸ்னீன்! கையெழுத்து ஆயிடுத்து, வாம்மா!”

உள்ளேயிருந்து வந்த மகளைப் பார்த்து மேஸ்திரி திகைத்துப் போனார். “நீ ஏன்டி இங்க இருக்கிற? இன்னிக்கு வேலைக்குப் போவலியா?”

“லீவு போட்டேன்ப்பா. நம்ம வீட்டுக் கொல்லையில காலி எடம் எவ்வளவு இருக்குது, சொல்லு பாப்போம்?”

மேஸ்திரி கோலமாவுக் கோட்டைப் பார்த்தார். பத்துக்குப் பதினாலு. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? மேல ஒரு சீட்டைப் போட்டா...”

நஸ்னீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “யாருக்குப்பா ரூம் கட்டப் போறோம்? அப்பாவுக்கா, மாட்டுக்கா?”