விளக்கின் முன் சொல்லும் பெயர்

"எங்கள் சாமியின் கோயில் எங்கே இருக்கிறது?" என்று கேரன் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அதைப் பார்க்கத்தான் டிரினிடாட் தீவிலிருந்து, திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்திருந்தாள்.

அவளுடைய முப்பாட்டன் முனுசாமி இங்கிருந்து வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். அந்தப் பெயர் அங்கே மூன்சாமி என்றாகி, இன்னும் கேரனின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கும்பகோணத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் வானதிதான் அவளைத் தன் தெருவுக்கு அழைத்து வந்தாள். வானதியின் அப்பா நல்லக்கண்ணு, நடவு முடிந்து வந்து வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தார். ஆயுசு முழுக்கப் பிறர் வயலில் இறங்கியவர்.

"சாமி பேரு என்னன்னு கேளும்மா" என்றார்.

கேரன் முதலில் கதையைச் சொன்னாள்; வானதி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். காய்ச்சலால் ஒருநாள் வேலைக்குப் போகாத முனுசாமியைத் தோட்டத்துத் துரை சவுக்கால் அடித்தான். அவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மூச்சு நிற்கும்வரை ஒரே பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கும் வீட்டில் விளக்கேற்றி எல்லோரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பெயரை மட்டும் கேரன் கைகூப்பித் தானே சொன்னாள்.

"ஆண்டே."

நல்லக்கண்ணு சட்டென்று எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. எப்போது இறக்கினார் என்று அவருக்கே தெரியவில்லை.

இடுப்பிலிருந்த துண்டைக் குனிந்து பார்த்தார்.

"அது சாமி இல்லம்மா. பண்ணையாரை நாங்க அப்படித்தான் கூப்பிடணும். அடி விழும்போதுகூட வேற வார்த்தை வாயில வரக் கூடாது."

வானதி அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லிடு. இத்தனை தூரம் வந்திருக்கு."

அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். அடிக்கிறவனுக்கு முனுசாமி அறிந்த பெயர் அது ஒன்றுதான். அவர் கும்பிடவில்லை. கெஞ்சியிருக்கிறார்.

கேரன் அழவில்லை. எதையாவது காட்டியாக வேண்டும் என்பதுபோலக் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைத் தேடி நீட்டினாள். பள்ளிச் சீருடையில், முன்பல் விழுந்த ஒரு சிறுமி. அவள் பேத்தி.

நல்லக்கண்ணுவின் முகம் இளகியது.

"புள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்காங்க?"

வானதி அதை ஆங்கிலத்தில் கேட்டாள்.

கேரன் வாயைத் திறந்தாள். விளக்கின் முன் சொல்லும் அதே பெயரை அவர் எதிரில் நின்று சொல்ல அவளால் முடியவில்லை.