பச்சைக் கோடு

"என்னப்பா பிலோமின், இதுக்குப் பேரு காப்பியா? நீயே பாரு."

மீனாம்பாள், முந்தாநாள் காப்பி எடுத்த டிஸ்க்கைப் பிளேயரில் போட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். கேபிள்காரர் பிலோமின்ராஜ் தோள்பையைக்கூட இறக்காமல் டி.வி.யைப் பார்த்தார்.

திரையில் மீனாம்பாளின் மகள் உமாமகேஸ்வரி, சின்ன வெங்காய வயலில் நின்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். படம் பளிச்சென்றுதான் இருந்தது. நாலாவது நிமிடத்தில் அவள் முகத்துக்குக் குறுக்கே ஒரு பச்சைக் கோடு முளைத்தது. அது நீண்டுகொண்டே போய்த் திரையின் ஓரத்தைத் தொட்டது. சத்தம் வீட்டையே அதிர வைத்தது.

பிறகு படம் சரசரவென்று பின்னால் ஓடியது. மறுபடி அதே பேச்சு, அதே கோடு. மறுபடி பின்னால். மூன்றாவது தடவையும் அதே பேச்சு.

"கூடவே உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பேன்னு நீ சொன்னதை நம்பித்தானே நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காய் வாங்கப் போனேன்? நீ என்னடான்னா ரிமோட்டை வச்சுக்கிட்டு விளையாடியிருக்க."

பிலோமின்ராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மீனாம்பாளின் கணவர் அழகிரியை ஒரு தரம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"தப்புதாங்கம்மா."

"தப்புன்னா ஆச்சா? பாக்ஸை இன்னைக்குச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும். அப்புறம் என் பொண்ணு முகத்தை எங்க போய்ப் பார்ப்பேன்?"

அவள் கவலையில் நியாயம் இருந்தது. பேட்டி பதிந்திருந்த அந்த எச்.டி. கேபிள் பாக்ஸ் பழுதாகி, அடிக்கடி நின்று நின்று ஓடியது. கம்பெனிக்காரர்கள் வேறு பாக்ஸ் தருகிறார்கள். ஆனால் பழைய பாக்ஸில் பதிந்தது புதியதில் ஓடாது. கம்ப்யூட்டரிலும் ஓடாது. பழைய பாக்ஸிலேயே ஓடவிட்டு, ஒயர் மாட்டி, வேறொரு மெஷினில் பிடித்து டிஸ்க்கில் ஏற்றினால்தான் உண்டு.

அந்தப் பேட்டி டி.வி.யில் வந்த அன்று, அழகிரி செருப்பை மாட்டிக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் போய்விட்டார்.

"ரெண்டு ஏக்கரை வித்து இன்ஜினீயரிங் படிக்க வச்சது, வெயில்ல நின்னு வெங்காயம் பிடுங்கவா?" இரண்டு வருடத்துக்கு முன், சென்னை வேலையை விட்டுவிட்டுத் துறையூரில் நிலம் குத்தகைக்கு எடுத்த மகளிடம் அவர் கேட்ட கடைசிக் கேள்வி அது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. உமாவின் போன் வந்தால் மாடிக்குப் போய்விடுவார்.

பேட்டி முடிந்ததும் உமா போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா பார்த்தாராம்மா?"

மீனாம்பாள், "அடுப்புல பால் இருக்குடி" என்று போனை வைத்துவிட்டாள்.

"விடு மீனா," என்றார் அழகிரி, பேப்பரை இறக்காமலே. "மனுஷன்னா கை தவறத்தான் செய்யும். பாவம், அவரை ஏன் பிடுங்கற?"

மீனாம்பாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினாலும் பால்காரரை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவர் அவர்.

"இன்னும் நேரம் இருக்குங்கம்மா. இப்பவே மறுபடி எடுத்துத் தரேன். அரை மணி நேரம்தான்," என்று பிலோமின்ராஜ் வண்டியிலிருந்து மெஷினை எடுக்க வெளியே போனார்.

வெயிலில் வந்தவரை ரொம்பத் திட்டிவிட்டோமோ என்று தோன்றியது அவளுக்கு. ஒரு டம்ளர் மோரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மோரைக் குடித்து முடித்த பிலோமின்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொன்னா, சார்கிட்ட கேட்கக் கூடாது."

"சொல்லு."

"முந்தாநாள் நான் அஞ்சு நிமிஷம்கூட இங்க இல்லைங்கம்மா. 'இது பாட்டுக்கு ஓடட்டும், நீ போய் லைன் வேலையைப் பாரு, நான் பேப்பர்தான் படிக்கப் போறேன்'னு சாரே அனுப்பிட்டார். ஓடறப்ப ரிமோட்டைத் தொட்டா, சத்தம் கூட்டற கோடு, பின்னால ஓட்டறது எல்லாமே டிஸ்க்லயும் ஏறிடும். அதை அவர்கிட்ட சொல்லாம போயிட்டேன். அந்த வகையில தப்பு என்னுதுதான்."

மீனாம்பாள் டம்ளரை வாங்கக் கை நீட்டியவள், அப்படியே நின்றாள்.

கோட்டின் மேல் இருந்த கோபத்தில், மூன்று தடவை வந்த அந்தப் பேச்சை அவள் காதில் வாங்கவே இல்லை. இப்போதுதான் அது நினைவில் ஓடியது. உமா சொன்னாள்:

"வெங்காயத் தாளோட கழுத்தை அழுத்திப் பார்த்தே, பிடுங்கலாமா வேணாமான்னு சொல்லிடுவார் எங்கப்பா. அவர் கையைப் பார்த்துக் கத்துக்கிட்டதை வச்சுத்தான் நான் இன்னைக்கு நிக்கிறேன்."

உள்ளேயிருந்து அழகிரியின் குரல் வந்தது. "மீனா, அதான் புதுசா எடுத்துத் தரேங்கறார்ல? அந்தப் பழசை உடைச்சுக் குப்பையில போட்டுடு."

"சரிங்க," என்றாள் மீனாம்பாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிலோமின்ராஜ் பக்கம் திரும்பினாள்.

"நல்லதா ஒண்ணு எடு தம்பி. அது இங்க இருக்கட்டும், அவர் ஆள் இல்லாதப்ப போட்டுப் பார்த்துக்கட்டும். கோடு விழுந்ததை நாளைக்கே துறையூர் பஸ் ஏறி, நானே உமா கையில கொடுத்துட்டு வரேன்."