எச்சில் கரண்டி

புளித்த வல்லாரைச் சாறு செத்த எலி போல நாறும். மறதி நோய் வந்த என் கணவருக்குத் தினமும் மூக்கைப் பிடித்துப் புகட்டுவேன். சாற்றைப் புளிக்கவைக்கும் உறை ஒருநாள் கெட்டுப்போனது. மேல்வீட்டுக் கஜேந்திரனிடம் ஒரு கிண்ணம் கேட்டேன். அவர் கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு, அதே கரண்டியால் அள்ளிக் கொடுத்தார். எச்சில் பட்டால் அந்த ஆளின் ஞாபகமும் சேர்ந்து புளிக்கும் என்பது ஊருக்கே தெரியும். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு வாங்கி வந்துவிட்டேன்.

சில நாட்களில், கஜேந்திரனின் மனைவி சுகுணாவைப் படிக்கட்டில் பார்த்ததும் என் கணவர் கைகூப்பி அழுதார்.

"இஸ்திரிப் பெட்டிய உன் முதுகுல வெச்சுட்டேனே, தாயி!"

ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனிதர்.

சுகுணா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பாவம், அண்ணன் இல்லக்கா. செஞ்சது என் வீட்டுக்காரரு. எங்க கல்யாணப் பந்தியில யாரு எங்க உக்காந்தாங்கன்னு இப்பவும் சொல்வாரு. இது மட்டும் நடக்கவே இல்லைன்னு ஸ்டேஷன்லயே சாதிச்சுட்டாரு. சாட்சி இருக்கான்னு கேட்டாங்க."

மறுநாள் கஜேந்திரன் பாத்திரத்தோடு சிரித்தபடி வந்தார். "இன்னும் கொஞ்சம் உறை தரட்டுங்களா?"

கரண்டியை நக்கினார். இந்த முறை தெரிந்தே கிண்ணத்தை நீட்டினேன்.

மறதிக்காரரின் சாட்சி ஸ்டேஷனில் எடுபடாது. இன்று காலை அந்த உறையில் புளித்த சாற்றை வாயருகே கொண்டுபோய், என் மூக்கை நானே பிடித்துக்கொண்டேன்.